இரண்டு விரல் தண்ணீர்

ஒன்பது வயதில் நான் சிமென்ட் தண்ணீர் குடித்தவன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தாகமும் இல்லை. மிளகாய்ச் செடிகளுக்குக் கிணற்றிலிருந்து வாளி சுமக்கச் சோம்பல்பட்டு, ஒரு குழாயின் நுனியைக் கடித்து உறிஞ்சியதில் முதல் மடக்கு தொண்டைக்குள் போய்விட்டது. வேறு யாராவது என்றால் அந்த மடக்கோடு புத்தி வந்திருக்கும். நான் காறித் துப்பிவிட்டு, நம்மைப் போல் ஒரு அறிவாளி பாறசாலை முதல் நெய்யாற்றங்கரை வரை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறிவு எங்கள் வீட்டு மாடி பாத்ரூமின் தரையைத் தின்றது. அது போதாமல் ஒரு தாய்மாமனையும் தின்றது. இதை எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது. யார் யார் மேல் என்று வரிசை போட்டால் முதலில் நிற்பது நான்தான். ஆனால் வரிசை என்னோடு முடியவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து மாடியில் தங்குவார்கள். அவர்கள் ஒவ்வொரு தடவையும் படியிறங்கி, அடுக்களையைச் சுற்றி, கோழிகளுக்கு நடுவே பின்பக்கம் போவது தன் கௌரவத்துக்குச் சரிப்படாது என்று அப்பா தீர்மானித்தார். மாடியில் அடுக்களைக்கு நேர் மேலே, பாத்ரூமுக்கென்று எழுப்பிய நான்கு சுவரும் பள்ளமான ஒரு தரையும் பல வருஷமாகச் சும்மா கிடந்தன. நாங்கள் அதில் தேங்காய் போட்டு வைத்திருந்தோம். இனி அங்கே டைல்ஸ் பதிக்க வேண்டும்.

அப்பா ஆதாரம் எழுதுகிறவர். எங்கள் பக்கத்தில் நிலப் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர், கையெழுத்துக்கு ஒப்பு. கிழக்கே இன்னார் வேலி, மேற்கே பஞ்சாயத்து ரோடு என்று எல்லை சொல்லி, கீழே இரண்டு தரப்பையும் ஒப்புப் போட வைத்தால்தான் அவருக்கு உலகத்தில் ஒன்று நடந்ததாகக் கணக்கு. அவர் டவுனிலிருந்து டைல்ஸ் ஆட்களைக் கொண்டுவரலாம் என்றார். அம்மா விடவில்லை. பெருங்கடவிளையில் தன் கூடப்பிறந்தவன் கொத்தனாராக இருக்கும்போது வெளி ஆளை வீட்டுக்குள் ஏற்றினால், அவன் ஊருக்குள் எந்த முகத்தோடு கரண்டியைத் தூக்கிக்கொண்டு போவான் என்று கேட்டாள். அப்பா பாகற்காய்க்குச் சம்மதிப்பதுபோலச் சம்மதித்தார்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. அவர் வேலை செய்வதைப் பார்த்தால் அவசரக்காரர்களுக்குக் காய்ச்சல் வரும். முதல் நாள் முழுவதும் பெருக்கினார். தேங்காய் நாரும் எலிப் புழுக்கையும் போன பிறகு, உளி வைத்துப் பழைய சிமென்டைத் தட்டித் தட்டிக் கேட்டார். பொள்ளென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்தார். சுவரும் தரையும் சேர்கிற மூலைகளை, சோற்றுப் பானையின் உட்புறம்போல, சாந்து வைத்து உருட்டினார். நீர் கசியாமலிருக்க ஒரு பூச்சு, அது காய்ந்ததும் குறுக்கே இன்னொரு பூச்சு. செங்கல் துண்டுகளை அடுக்கிப் பள்ளத்தை நிரப்பி, அதன் மேல் கான்கிரீட் போட்டார். டைல்ஸ் என்பது முகத்துக்குப் பூசுகிற பவுடர்தான், அடியில் இருப்பதாக்கும் முகம் என்று என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அப்பா படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாமாவின் சாக்குப் பையில் எனக்குப் பிடித்தது ஒரே சாமான்தான். முப்பதடி நீளமுள்ள, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை இந்தச் சுவரிலும் மறு நுனியை எதிர்ச் சுவரிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே பென்சிலால் கோடு போடுவார். மட்டம் பார்க்கிற குழாய். மறு நுனியைப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. பென்சில், சட்டைக் காலர், செருப்பு வார் என்று எது கிடைத்தாலும் கடிக்கிற பிள்ளை நான். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று பாதி உடைந்த பிறகும் மிச்சப் பாதியால் அந்தத் தொழிலை நடத்திக்கொண்டிருந்தேன். மாமா பிளேடால் குழாயின் இரண்டு நுனியையும் நேர்கோடாக நறுக்கி வைத்திருப்பார்.

"எலே, குழாயிலே வாய வச்சேன்னா மிச்சப் பல்லையும் நான் எடுத்துருவேன்" என்றார்.

கான்கிரீட் இறுகியதும் என் கோலிக்குண்டைக் கடன் கேட்டார். நான்கு மூலையிலும் ஒவ்வொரு தடவை அதை வைத்துக் கையை எடுத்தார். நான்கு தடவையும் குண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல, நேரே தண்ணீர் போகிற ஓட்டைக்கு ஓடியது. வாட்டம் சரி என்று அர்த்தம். இனி ஓட்டையை அடைத்து, வாசலில் ஒரு வரிசை செங்கல் வைத்துப் பூசி, உள்ளே தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். இரண்டு நாள் நின்ற தண்ணீர் இறங்காமலிருந்தால் டைல்ஸ் பதிக்கலாம். இதையெல்லாம் மாமாவாகவேதான் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் அப்பாவுக்குத் தெரிந்தே இருக்காது.

தெரிந்த பிறகு அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தண்ணீர் நின்ற உயரத்தில், சுவரில் தானே பென்சிலால் கோடு போட்டார். கோட்டுக்கு மேல் தேதியும் மணியும் எழுதினார். பக்கத்தில் தன் ஒப்பைப் போட்டார். பிறகு பென்சிலை மாமாவிடம் நீட்டினார்.

"இஞ்ச ஒரு ஒப்பு போடு. நாளைக்கு நான் சொன்னேன், நீ சொன்னேன்னு வேண்டாம்."

மாமா என்னைப் பார்த்தார், பிறகு படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பில் எதையோ தேடினாள். மாமா பென்சிலை வாங்கி, கரண்டி பிடிக்கிற பிடியில் பிடித்து, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து, எனக்கும் ஒரு ஒப்பு வேண்டும் என்று அழுதேன். அவ்வளவு பெரிய அறிவாளி.

இனி என் பங்கு. சித்திரை வெயிலில் கிணற்றில் தண்ணீர் கீழே போயிருந்தது. மோட்டார் போட்டால் கலங்கும். ஆகவே அம்மா அடுக்களை ஓரத்தில் நட்டிருந்த மிளகாய்ச் செடிகளுக்கு நான் காலையில் பத்து வாளி சுமக்க வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. மறுநாள் விடிந்ததும் மாடியேறிப் பார்க்கிறேன்: மேலே ஒரு குளமே சும்மா நிற்கிறது. பக்கத்தில் சாக்குப் பைக்குள் முப்பதடிக் குழாய். மாமா கற்றுத்தந்த மட்டத்தின் ரகசியம் என் மண்டையில் இருக்கிறது. கீழே, நேர் கீழே, செடிகள். குழாயின் ஒரு நுனியை பாத்ரூம் தண்ணீரில் முக்கி, அதன் மேல் ஒரு செங்கல் துண்டை வைத்து, மறு நுனியை மாடிச் சுவரிலிருந்த மழைத்தண்ணீர் ஓட்டை வழியாகக் கீழே விட்டேன். இறங்கி வந்து நுனியைக் கடித்து உறிஞ்சினேன். குடித்த கதை முன்பே சொன்னதுதான். அரை மணி நேரம் ராஜாபோல் நின்று பாத்திக்குப் பாத்தி குழாயை மாற்றிவைத்தேன். முடிந்ததும் சுருட்டிப் பையில் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.

அப்பா குளித்து, நெற்றியில் சந்தனத்தோடு மாடிக்குப் போனார். போனவர் அங்கிருந்தே கத்தினார். தண்ணீர் கோட்டைவிட்டு இரண்டு விரல் இறங்கியிருந்தது.

மாமா வந்து குனிந்து பார்த்தார். மண்டியிட்டுப் பார்த்தார். மூலை மூலையாகக் கரண்டிப் பிடியால் தட்டிக் கேட்டார். பிறகு கீழே அடுக்களைக்குப் போய், அண்ணாந்து கூரையைத் தடவிப் பார்த்தார். அப்பளம்போல் காய்ந்திருந்தது. அம்மாவும் அதையே சொன்னாள், மேலே நனைவு ஒன்றும் காணவில்லையே என்று. ராத்திரியும் பகலும் அந்தக் கூரைக்குக் கீழேதான் அவள் நிற்கிறாள், அவளுக்குத் தெரியாதா? அப்பா காதிலேயே வாங்கவில்லை. கான்கிரீட் குடித்திருக்கும், நாளைக்கு விடும் என்றார்.

"எனக்க வேலை ஒழுகாது அத்தான்" என்றார் மாமா.

"அப்பம் வெள்ளம் எங்க போச்சு?"

இதற்கான பதில், கிணற்றடியில் பல்பொடியைத் தின்றுகொண்டு நின்றது.

மறுபடியும் தண்ணீர் நிரப்பினார்கள். மறுபடியும் கோடு, தேதி, ஒப்பு. இங்கே நான் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் நாள் செய்தது சோம்பேறித்தனம். இரண்டாம் நாள் செய்தது யோசித்துச் செய்தது. அன்றிரவு பாயில் புரண்டுகொண்டு நான் இப்படிக் கணக்குப் போட்டேன்: நாளைக்குத் தண்ணீர் இறங்காமல் நின்றால், அப்படியானால் இன்று எப்படி இறங்கியது என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் என்னிடம் வரும். ஆகவே நாளையும் இறங்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சரியாக இரண்டு விரல்.

விடிந்ததும் மாடிக்கும் செடிக்குமாக நாலைந்து தடவை ஓடி, கோட்டுக்குக் கீழே விரல் வைத்து அளந்து, சரியாக நிறுத்தினேன். பத்திரத்தில் எல்லை அளக்கிற அப்பாவின் பிள்ளை அல்லவா.

மாமா வரும்வரை அப்பா காத்திருக்கவில்லை. தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தென்னங்குழி தோண்டுகிற கடப்பாரையை எடுத்துவந்து நடுத்தரையில் போட்டார். வாழ்நாளில் பேனாவைவிடக் கனமான எதையும் தூக்காத மனிதர். அந்தக் கோபத்தில் அவருக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பலம். மாமா படியேறி வந்தபோது தரை பாதிக்கு மேல் பெயர்ந்திருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தடுக்கவில்லை. கடப்பாரை விழும்போதெல்லாம் அவர் தாடை மட்டும் அசைந்தது.

அப்பா மூச்சு வாங்க நின்றபோது மாமா உள்ளே குனிந்து, கான்கிரீட்டுக்கு அடியிலிருந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தார். அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எப்பிடி மக்கா இருக்கு? சொல்லு."

அது வெயிலில் வைத்த முறுக்குபோல் காய்ந்து கிடந்தது. இரண்டு நாளாக இரண்டு விரல் வீதம் தண்ணீர் இறங்கியிருந்தால் அது ஊறிச் சொதசொதவென்றல்லவா இருக்க வேண்டும்?

"காஞ்சிருக்கு மாமா" என்றேன். மீதியையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்க்குள்ளேதான் நின்றது. அப்பாவின் கையில் கடப்பாரை இருந்தது.

"பிள்ளைய எதுக்கு சாட்சிக்கு விளிக்கே" என்றார் அப்பா. அந்தச் செங்கல் துண்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரை காய்ந்திருந்ததைப் பார்க்காதவர், செங்கல்லையா பார்ப்பார்? தான் ஒப்புப் போட்ட கோட்டில் தண்ணீர் நிற்கவில்லை. அவருக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

மாமா கரண்டியை எடுத்துச் சுவருக்குப் போனார். இரண்டு இடத்திலும் தன் பெயர் இருந்த இடத்தை மட்டும், பூச்சோடு சேர்த்துச் சுரண்டி எடுத்தார். அப்பாவின் ஒப்பைத் தொடவில்லை.

"ஒப்ப அழிச்சா ஒழுக்கு நிக்குமா?"

மாமா சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அம்மா டீ ஆற்றி வைத்திருந்தாள். அவர் அடுக்களைப் பக்கமே திரும்பவில்லை.

பிறகு டவுனிலிருந்து வந்த டைல்ஸ் ஆளுக்கு இரண்டு போன். ஒன்று ஓய்ந்தால் மற்றது அடிக்கும். மூன்றே நாளில் மேடு பள்ளத்தை மூடி, மேலே ரோஜாப்பூ போட்ட டைல்ஸ் பதித்துவிட்டுப் போனார். தண்ணீர் கட்டிப் பார்க்கவில்லை. ஒரு தடவை பட்டது போதும் என்று அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். நான் போய்க் கோலிக்குண்டை வைத்தேன். குண்டு ஓட்டைக்கு முதுகைக் காட்டி, எதிர்மூலைக்குப் போய் கிளாசெட்டின் பின்னால் உட்கார்ந்துகொண்டது. வாட்டம் தப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். கல்யாண வீட்டில் கோலி விளையாடுகிறாயா என்று மண்டையில் ஒரு குட்டு கிடைத்தது.

மிளகாய்ச் செடிகள் இலை வெளுத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் பட்டுப்போயின. மண்ணில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக ஒரு படலம். தண்ணீர் விடாமல் ஏமாற்றியிருக்கிறான் என்று அப்பா என்னைப் பிரம்பால் அடித்தார். என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்காகத் தண்ணீர் விட்ட இரண்டே நாளுக்கு வாங்கிய அடி அது. அநியாயம் என்று அழுதேன். மாமாவுக்கு நடந்ததை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெருங்கடவிளைக்குப் பஸ் ஏறினாள். அக்காவைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியது தாய்மாமன். அவர் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது? அழைப்புக் கடிதத்தோடு ஒரு சீப்பு ஏத்தன் பழமும் வாங்கியிருந்தாள். மாமா முற்றத்தில் நின்றார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். முகம் கொஞ்சம் இளகியதுபோல்தான் எனக்குப் பட்டது.

அம்மா நல்ல விதமாகத்தான் பேசினாள். அவர் குணம் உனக்குத் தெரியாதா, கையை ஓங்குவார், அப்புறம் மறந்துவிடுவார் என்றாள். கடைசியில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"போட்டும் விடு. தப்பு ஆருக்கும் வரும். அத நாங்க ஒண்ணும் பெருசா எடுக்கல்ல."

மாமா கையை உருவிக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "வாயத் தொற" என்றார். திறந்தேன். உள்ளே எதையோ உற்றுப் பார்த்தார். பல் முளைத்துவிட்டதா என்று பார்க்கிறார் என நினைத்து நான் நன்றாக அகலமாகத் திறந்து காட்டினேன். மோவாயை விட்டார். "சரி, போங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவு இதமாகப் பேசியதற்கா இவ்வளவு கோபம் என்று எனக்குப் புரியவில்லை. திட்டியவர் அப்பா, மன்னித்தவள் அம்மா. மன்னிப்பதற்கு என்ன இருந்தது என்று யோசிக்க அந்த வயதில் எனக்கு மண்டை இல்லை. காய்ந்த கூரையின் கீழே நின்றவளுக்கு இருந்தது. அவளும் யோசிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திமிரு, திமிரு என்று முணுமுணுத்தாள். பழத்தை நான் தின்றுகொண்டே வந்தேன்.

மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பாவின் சித்தப்பா மகன் ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, காய்ச்சல் என்று சொன்னார்கள். அந்தக் காய்ச்சல் இருபது வருஷம் நீடித்தது.

ரோஜாப்பூ டைல்ஸ் இன்றும் இருக்கிறது. எதிர்மூலையில் தண்ணீர் நிற்கிறது. அப்பா தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் துடைப்பத்தால் அதை ஓட்டைக்குத் தள்ளுகிறார், தள்ளத் தள்ள அது திரும்பி வருகிறது. இப்போது அடுக்களைக் கூரை நிஜமாகவே ஒழுகுகிறது. கேஸ் அடுப்புக்கு நேர் மேலே, கேரளா மேப் மாதிரி ஒரு மஞ்சள் கறை. அம்மா ஒரு அலுமினியக் குண்டான் வைத்துப் பிடிக்கிறாள். போன மாதம் ஒரு சொட்டு என் தோசைக் கல்லில் விழுந்து சொய்ங் என்றது. நான் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துவிட்டேன். எங்கே போகிறாய் என்று அப்பா கேட்டார். மட்டம் பார்க்க என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

மாமா முற்றத்தில் குந்தியிருந்து கரண்டியில் ஒட்டிய சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை வெளுத்திருந்தது. கை மட்டும் அப்படியே. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய்ச் செடி, குழாய், முதல் நாள், இரண்டாம் நாள், பாயில் போட்ட கணக்கு, எதையும் விடவில்லை. இடையில் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

முடிந்ததும் அவர் எழுந்து உள்ளே போனார். வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். கையில் சுருட்டிய குழாய். மஞ்சளாகி, வளைக்க முடியாதபடி விறைத்துப்போயிருந்தது. என் கையில் போட்டார். ஒரு நுனி பிளேடால் நறுக்கியது, இன்னும் நேர்கோடு. மறு நுனியில் வரிசையாகப் பல் பதிந்த தடம், நடுவில் ஒன்று மட்டும் பாதி. உள்ளே, அந்த நுனியிலிருந்து ஒரு சாண் வரைக்கும், வெள்ளையாகச் சிமென்ட் படிந்திருந்தது.

இருபது வருஷமாக இது இந்த வீட்டில் இருந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஊர் முழுக்க ஒழுகுகிற கொத்தன் என்று பேர் சுமந்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு அக்கா கல்யாணத்தன்று காய்ச்சலில் கிடந்திருக்கிறார்.

"இத அப்பவே கொண்டுவந்து எனக்க அப்பாக்க முன்னால போட்டிருக்கலாம் இல்லியா மாமா? ஏன் சொல்லல்ல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. யார் மேல் கத்துகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

மாமா கரண்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.

"எனக்கிட்ட ஆரு கேட்டா?"